வாரேனுங்க

அன்னூரைத் தாண்டிப் பதினோரு கிலோமீட்டர் போனதும் தார் ரோடு முடிந்து மண் தடம் தொடங்கியது. நந்திதா காரை இரண்டாவது கியருக்கு மாற்றினாள். டிக்கியில் காற்று இறக்கிச் சுருட்டிய ரப்பர் படகு, மடக்குத் துடுப்பு, கால் பம்பு, லைஃப் ஜாக்கெட், ஒரு டிபன் பாக்ஸ். நேரம் காலை பத்தரை. புதன்கிழமை என்பதால் தடத்தில் எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை.

நம் பக்கத்தில் ஒரு குளம் அமைதியாக இருப்பதென்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு கரையில் காலி பாட்டில் கிடக்கும், மறுகரையில் கோயில் ஒலிபெருக்கி அலறும், நடுவில் எவனாவது எருமையைக் கழுவிக்கொண்டிருப்பான். இந்தத் தொந்தரவெல்லாம் இல்லாத நீரைத் தேடிப் பிடிப்பதுதான் நந்திதாவுக்கும் அவள் கணவன் அருண்குமாருக்கும் ஆறு வருஷத்துப் பைத்தியம். செயற்கைக்கோள் படத்தில் நீலப் பொட்டுகளைத் தேடுவார்கள். யாராவது ஒருவர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். படகு இறக்கக் கரை சரிவாக இருக்கிறதா, கூடாரம் அடிக்க மேடு உண்டா, பக்கத்துத் தோட்டக்காரர்கள் சம்மதிப்பார்களா என்று விசாரிக்க வேண்டும். எல்லாம் பொருந்தி வந்தால் நாலைந்து குடும்பங்கள் சின்னச் சின்னப் படகுகளோடு போய் ஒரு நாள் தங்கிவிட்டு வருவார்கள்.

அப்படி ஒரு குளத்தைப் பார்க்கப் போன காலையில்தான் அருண்குமாரை லாரி அடித்தது. பதினான்கு மாதம் ஆகிறது.

அன்று வீட்டில் சின்னச் சண்டை. ஞாயிற்றுக்கிழமையும் இப்படி ஓட வேண்டுமா என்று அவள் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டி, "வாரேன் நந்து" என்றான். கொங்கு வீடுகளில் அதற்கு ஒரே பதில்தான் உண்டு, "போய்ட்டு வாங்க". எவ்வளவு கோபமானாலும் அந்த "வாங்க"வை விட மாட்டார்கள். நந்திதா அடுப்பிலிருந்து திரும்பாமலே "போங்க" என்றாள். வெறும் "போங்க". அவன் போய்விட்டான்.

அதிலிருந்து அவளுக்கு அந்த வெறும் "போங்க" வாயில் வருவதில்லை. சிலிண்டர் போடுகிறவர், கூரியர் கொண்டு வருகிறவர், யாராயிருந்தாலும் "போய்ட்டு வாங்க" என்று சொல்லி, போதாததற்கு "இன்னொருக்கா ஊட்டுக்கு வாங்க" என்றும் சேர்த்துவிடுவாள். மற்றபடி அவளுக்குள் எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. சாப்பிட்டாள், சமைத்தாள், மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். எல்லாமே பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மகள் லோகப்பிரியாவுக்கு எட்டு வயது. அப்பா போனதிலிருந்து அது வேண்டும் இது வேண்டும் என்று எதையும் கேட்காதவள், போன வாரம் திடீரென்று, "ம்மா, அப்பா படகுல ஒருக்கா போலாமா?" என்றாள். அவள் கேட்டதற்காகத்தான் நந்திதா மறுபடி நீலப் பொட்டுகளைத் தேடினாள். அவளுக்கென்று மிச்சமிருப்பது இந்த ஒரு பிள்ளை. அது மட்டும் அவளுக்கு எந்த மரத்துப்போதலிலும் மறக்கவில்லை.

குளத்தை ஒட்டிய வாழைத் தோட்டம் திருமலைசாமி என்பவருடையது. ஐம்பது வயதிருக்கும். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், படகு என்றதும் சிரித்தார்.

"இருபத்தஞ்சு வருசம் காஞ்சு கெடந்த கொளமுங்க. இப்பத்தான் ரெண்டு வருசமா சர்க்காரு குழாயில ஆத்துத் தண்ணி வந்து ரொம்பியிருக்குது. இதுல படகா? ஓட்டுங்க, ஓட்டுங்க. உங்க நம்பரக் குடுத்துப்போட்டுப் போங்க, எத்தன பேரு வர்றீங்கன்னு கேட்டுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி நந்திதா நம்பரைக் கொடுத்தாள். வேறெதுவும் அவர் சொல்வதற்கு முன்னால் மோட்டார் ரூமிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அவர் போனார்.

நந்திதா படகுக்குக் காற்றடித்து நீரில் இறக்கினாள். குளம் காய்ந்து கிடந்த காலத்தில் அதற்குள் முளைத்து வளர்ந்த சீமைக்கருவேல மரங்கள் இப்போது தண்ணீருக்குள் செத்து நின்றன. பட்டை உரிந்து வெளுத்துப் போயிருந்தன. அவற்றுக்கு நடுவே துடுப்பு போட்டுக்கொண்டு போனாள். கொக்கு இல்லை. நீர்க்கோழி இல்லை. இவ்வளவு தண்ணீர் இருக்கும் இடத்தில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. சேற்று வாசனைக்குப் பதிலாக, கோடையில் காய்ந்த மண்ணைக் கிளறினால் வருமே, அந்தப் புழுதி வாசனை வந்தது.

படகின் விளிம்பில் நீர் மோதும் சத்தமும் இல்லை.

முன்பென்றால் பயந்திருப்பாள். இப்போது மனதுக்குள் குறித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அமைதி: நன்று. ஆழம்: இடுப்பளவு. பிள்ளைகளுக்கு ஏற்றது.

திரும்பிக் கரைக்கு வந்தபோது அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது சொல்லலாம். வெளிறிய கத்தரிப்பூச் சேலை. இடுப்பில் ஒரு பித்தளைக் குடம், வாய் அகன்றது, காலி. உதடுகள் வெடித்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தன.

"ஏனுங் அம்மணி, எந்தூருங்?"

"சிங்காநல்லூருங்க."

"தனியாவா வந்தீங்க? கூட ஆருமில்லீங்களா?"

"இல்லீங்க. ஊட்டுல பொண்ணு மட்டுந்தானுங்க."

"ஒரே பொண்ணுங்களா?"

"ஆமாங்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நந்திதா படகைக் காற்றிறக்கிச் சுருட்டி டிக்கியில் வைக்கும் வரை அங்கேயே நின்றாள். அவள் நின்ற இடத்தில் ஈர மண் அவள் காலுக்கு அடியில் மட்டும் வெளுத்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. நந்திதா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வாய்ப் பழக்கத்தில் சொன்னாள்:

"சரிங்க. அந்தப் பக்கம் வந்தா ஒருக்கா ஊட்டுக்கு வாங்க."

இதற்கு யாரும் நிஜமாக வருவதில்லை. கூப்பிடுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். "ஆகட்டுங்க, வந்தாப் போச்சு" என்று சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"வாரேனுங்க" என்றாள்.

நம் ஊரில் விடைபெறும்போது சொல்வதும் அதுதான், கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்வதும் அதுதான். நந்திதா அதை விடைபெறுதல் என்று எடுத்துக்கொண்டாள். காரைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது கரை வெறுமையாக இருந்தது.

சிங்காநல்லூர் வந்து சேர ஐந்து மணி ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் லோகப்பிரியா எதிர்வீட்டு அன்புக்கரசியிடம் இருப்பாள். அன்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள், தங்கள் வீட்டு வாசலில்.

"கலர் பென்சில் எடுக்கறக்கு வந்தேன்மா. அப்ப ஒரு அத்தை வந்தாங்க. நீ வரச் சொன்னியாமா."

"எந்த அத்தை கண்ணு?"

"தெரியல. குடம் வெச்சிருந்தாங்க. வாங்கன்னு சொல்லி உள்ள உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தேன். நீதான யாரு வந்தாலும் மொதல்ல தண்ணி குடுக்கோணும்னு சொல்லுவே."

"அப்புறம்?"

"இன்னொரு சொம்பு கேட்டாங்க. குடுத்தேன். அப்புறமும் கேட்டாங்க."

"எத்தனை சொம்பு குடிச்சாங்க?"

லோகப்பிரியா யோசித்தாள். "கேன் தீந்துபோச்சு."

இருபது லிட்டர் கேன். காலையில்தான் புதிதாகக் கவிழ்த்து வைத்தது. நந்திதா சமையலறைக்குப் போய்ப் பார்த்தாள். கேனின் உள்பக்கம் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குழாயைத் திருகினாள். காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. மாடிக்கு ஏறித் தொட்டியைத் திறந்தால், அடியில் பாசி கருவாடு போலக் காய்ந்து கிடந்தது.

எதிர்வீட்டு அன்புக்கரசியைக் கேட்டாள்.

"ஆரும் வரலியே நந்திதா. நாங் கதவத் தொறந்து வெச்சுட்டு இங்கயேதான பூ கட்டீட்டு இருந்தேன். பாப்பா மட்டுந்தான் உள்ள போச்சு."

வியாழக்கிழமை மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினாள். மத்தியானத்துக்குள் தீர்ந்தது. துளசி கருகியது. ஃப்ரிட்ஜில் வைத்திருந்த தக்காளி தோலும் விதையுமாகச் சுருங்கியிருந்தது. பிளம்பர் வந்து, எங்கேயும் ஒழுகவில்லை என்று சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவரிடமும் "போய்ட்டு வாங்க" என்றாள்.

லோகப்பிரியா பள்ளியிலிருந்து வந்ததும் படுத்துக்கொண்டாள்.

"ம்மா, நாக்கு ஒட்டுது."

தண்ணீர் கொடுத்தாள். மகள் மடமடவென்று குடித்தாள். குடித்து முடித்த உதடு அப்போதும் காய்ந்தே இருந்தது.

"அந்த அத்தை இன்னைக்கும் வந்தாங்களா?"

"அவங்க போகவே இல்லியேம்மா."

நந்திதா அறையைச் சுற்றிப் பார்த்தாள். யாருமில்லை. புழுதி வாசனை மட்டும் இருந்தது. அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். பயம் எங்கேயோ அடுத்த தெருவில் நின்றுகொண்டு உள்ளே வர வழி தெரியாமல் தவித்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் லோகப்பிரியாவின் உதடுகள் வெடித்துவிட்டன. கையைக் கிள்ளினால் தோல் மடிந்தபடியே நின்றது. பக்கத்துத் தெரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். உடம்பில் நீரே இல்லை என்று டாக்டரம்மா உடனே டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். நர்ஸ் ஊசியைக் குத்தி, பாட்டிலை மாட்டி, சொட்டைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தாள்.

பாட்டிலில் குமிழிகள் ஏறின.

ஒன்று. இரண்டு. பிறகு கொத்துக் கொத்தாக.

யாரோ உறிஞ்சுவதுபோல நீர்மட்டம் கண்ணெதிரே இறங்கியது. இரண்டு நிமிஷம்கூட இல்லை, பாட்டில் காலியாகி ஒட்டிக்கொண்டது. நர்ஸ் ஓடி வந்து திருகைப் பார்த்தாள். அது மெதுவாகச் சொட்டும்படிதான் வைத்திருந்தது. அடுத்த பாட்டிலும் அப்படியே ஆனது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று டாக்டரம்மா சீட்டு எழுதத் தொடங்கினார்.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. திருமலைசாமி.

"ஏனுங் அம்மணி, ஞாயித்துக்கெழம எத்தன பேருங்க வர்றீங்க?"

"வரலீங்க. எம்பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லீங்க. ஒடம்புல தண்ணியே நிக்கமாட்டீங்குது. டிரிப்ஸ் பாட்டில் ரெண்டு நிமிசத்துல தீந்துபோகுதுங்க."

எதிர்முனையில் திருமலைசாமி மோட்டாரை நிறுத்துவது கேட்டது.

"கரையில ஆரயாச்சும் பாத்தீங்களா?"

"ஒரு பொம்பளைங்க. குடம் வெச்சுட்டு."

"பேசுனீங்களா?"

"ஊட்டுக்கு வாங்கன்னு சொன்னனுங்க."

"அய்யோ அம்மணி." அவர் குரல் இறங்கிவிட்டது. "நாந்தான் சொல்லாம உட்டுப்போட்டேன். அந்தக் கரையில நின்னுக்கிட்டு நாங்க ஆரையும் கூப்புடறதில்லீங்க. பஞ்சத்துல ஒரு பொம்பள கொடத்தத் தூக்கீட்டு ஊடு ஊடாப் போச்சாமுங்க. எல்லாரும் வாங்க வாங்கன்னு வாய் நெறயக் கூப்புட்டாங்களாமா. தண்ணிதான் ஆரும் குடுக்கல. காஞ்ச கொளத்துக்குள்ளயே தாகத்துல உழுந்து செத்துப்போச்சுன்னு சொல்லுவாங்க."

"இப்ப என்ன பண்றதுங்க?"

"போங்கன்னு சொல்லோணுமுங்க. போய்ட்டு வாங்கன்னு சொல்லீராதீங்க, அப்புறம் வந்துட்டேதான் இருக்கும். மூஞ்சிக்கு நேரா நின்னு, போங்க. அவ்வளவுதான். எங்க சித்தப்பன் ஊட்டுல மரியாதைக்குப் பாத்துட்டுச் சொல்லாம இருந்தாங்க. மொதல்ல கெணறு வத்துச்சு. அப்புறம் மாடு. அப்புறம்..."



ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். வண்டியை வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டு நந்திதா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். லோகப்பிரியா காய்ந்த சருகு போல எடையில்லாமல் இருந்தாள். நேரம் பதினொன்றரை. வெயில் தெருவை வெள்ளையாக்கியிருந்தது. அன்புக்கரசி வீட்டு ரேடியோவில் யாரோ எண்ணெய் விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்தினாள். மகளைச் சோபாவில் படுக்க வைத்தாள்.

கூடத்தில் யாருமில்லை. ஃபேன் ஓடவில்லை. ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன.

ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் மெத்தை அமுங்கியிருந்தது.

ஆள் உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி.

நந்திதா அதற்கு முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். "போ..." என்பதற்கு மேல் வரவில்லை. அடுப்பும், பின்னால் கேட்ட சிரிப்பும், செருப்பு மாட்டும் சத்தமும் வந்தன. ஒரு தடவை சொன்னதற்கு ஒருவன் ரோட்டில் கிடந்தான். இன்னொரு தடவை எப்படிச் சொல்வது?

சோபாவில் லோகப்பிரியா இருமினாள். ஈரமே இல்லாத இருமல்.

"போங்க" என்றாள் நந்திதா.

மெத்தை அசையவில்லை.

"போங்க! எங்கூட்ட விட்டுப் போங்க. இனி வராதீங்க. எம்பொண்ண விட்டுட்டுப் போயிருங்க!"

இவ்வளவு சத்தமாக அவள் இந்த வீட்டில் பேசியதே இல்லை.

நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டது. மெத்தை மெதுவாக மேலே எழும்பிச் சமமானது. தரையில் காலடி போல ஏதோ நகர்ந்தது. ஒரு நொடி அவள் முன்னால் நின்றது. பிறகு அவளைக் கடந்து போனது. வாசற்கதவு தானாகத் திறந்து, தெரு வெளிச்சம் உள்ளே விழுந்தது.

சமையலறையில் குழாய் செருமியது. இருமுறை துப்பிவிட்டுத் தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

நந்திதா ஓடிப்போய் ஒரு டம்ளர் பிடித்து வந்து மகள் வாயில் வைத்தாள். லோகப்பிரியா குடித்தாள். இன்னொரு டம்ளர். மூன்றாவதில் பாதியிலேயே போதும் என்று தலையை ஆட்டினாள். உதடு நனைந்திருந்தது. முகவாயில் வழிந்த நீர் சட்டையை நனைத்தது. நந்திதா அந்த ஈரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக விரல் நுனியில் ஏதோ உறைத்தது.

லோகப்பிரியா எழுந்து உட்கார்ந்து, வாசலைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"ஆருக்குக் கண்ணு டாட்டா காட்டறே?"

"அப்பாவுக்கு."

நந்திதாவின் கை அப்படியே நின்றது.

"நீதானம்மா போகச் சொன்னே?" லோகப்பிரியாவின் குரல் கம்மியது. "எப்பவும் அந்த நாற்காலியிலதான உக்காந்து நம்மளப் பாத்துட்டே இருப்பாரு. உனக்குத் தெரியும்னு நெனச்சேன். எதுக்கும்மா அப்பாவ அப்படித் திட்டுனே? செருப்பு மாட்டீட்டு உன்னையே பாத்தாரு. வாரேன்னுகூடச் சொல்லாமப் போறாரும்மா."

வாசலில் வெயில் மட்டும் இருந்தது. தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

"அப்ப... அந்த அத்தை?"

லோகப்பிரியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை கொஞ்சம் உயர்ந்து, அம்மாவின் தோளுக்குப் பின்னால் போய் நின்றது.

"என்னைய விட்டுட்டாங்க. ஆனா அவங்க எப்பவும் உம் பின்னாடிதானம்மா நிக்கறாங்க."

நந்திதாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கண் நிறைந்து, இமை தாண்டி, சூடாகக் கன்னத்தில் இறங்கியது.

பாதிக் கன்னம் வரைதான் இறங்கியது.

அங்கே தோல் சட்டென்று காய்ந்தது. காதுக்கு மிக அருகில், யாரோ ஒரு மிடறு விழுங்கும் சத்தம் கேட்டது.